இரண்டாவது சாரதி

1

போன ஞாயிறு மொன்ட்ரியாலில் தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயிலுக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது ஒருவர் என்னைத் தேடி வந்தார். புதிதாக ஓய்வு பெற்றவர். முகத்தில் அந்தப் புது உற்சாகம் இன்னும் இருந்தது.

"அண்ணை, நீங்கள்தானே ஐரோப்பாவில மோட்டர்ஹோம் வாங்கிச் சுத்தினது? எப்பிடி வாங்கிறது, இன்சூரன்ஸ் எப்பிடி எடுக்கிறது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

சொன்னேன். வாடகைக்கு எடுப்பதைவிட பழசாக ஒன்றை வாங்கி ஓடிவிட்டு விற்பது ஏன் நல்லது, எடை எவ்வளவுக்குள் இருந்தால் எங்கள் சாதாரண லைசென்ஸ் போதும், இங்குள்ள இன்சூரன்ஸ் கொம்பனியிடம் விபத்தில்லாமல் ஓடியதற்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கடைசியில், "அங்க விலாசம் இல்லாட்டி?" என்றார்.

"வண்டியைப் பதிய அங்கத்தை விலாசம் வேணும். தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா அவையின்ர பேரில எழுதலாம்."

"அப்ப எனக்குப் பிரச்சினையே இல்லை. பாரிசில என்ர தம்பி இருக்கிறான்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கோயில் மண்டபத்தில் வைத்து இன்னொருவருடைய தம்பியைப்பற்றி நான் என்னத்தைச் சொல்வது? அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் ஊரில் இருப்பவர்கள், மோட்டர்ஹோம் வாங்கப்போவதில்லை. ஆனால் உங்களுக்கும் தம்பிமார் இருக்கிறார்கள்.

2

மோட்டர்ஹோம் என்பது ஒரு சின்ன லொறியின் முதுகில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கட்டில், கழிப்பறை எல்லாவற்றையும் ஏற்றிவைத்த வீடு. கியூபெக்கில் இதை மோட்டோரிசே என்பார்கள், பிரான்சில் காம்பிங்கார். ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள் நாய்க்குட்டியோடு இதில் ஏறி, பனி விழ முன்னர் புளோரிடாவுக்குப் போய்விடுவார்கள். எங்கள் சனம் இதை வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் வீடு வாங்குவோம், அதை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு வீடு வாங்குவோம். சில்லுப் பூட்டின வீடு வாங்குகிறேன் என்று சொன்னபோது எனக்குத் தலை சரியோ என்று நண்பர்கள் பார்த்தார்கள்.

யோசனை என் மனைவி ஜெசிந்தாவுடையது. அவளுடைய அக்கா சுவிஸில் இருக்கிறா. ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு இருவரும் நேரில் கண்டதில்லை. அக்காவுக்கு இருதயத்தில் கோளாறு, விமானம் ஏற டொக்டர் விடமாட்டார். என் தம்பி அன்ரன் பாரிசுக்குப் பக்கத்தில், லா கூர்னேவில். சித்தப்பாவின் பிள்ளைகள் ஜெர்மனியில். எல்லாரும் இரண்டு அறை அபார்ட்மென்ட்டில் நான்கு பேராக இருப்பவர்கள். நாங்கள் போய் இறங்கினால் பிள்ளைகளின் அறையை ஒதுக்கித் தருவார்கள், பிள்ளைகள் ஹோலில் படுத்து எங்களை முறைப்பார்கள்.

"ஆருக்கும் கரைச்சல் குடுக்காமப் போகவேணும். வாசல்ல நிப்பாட்டிப்போட்டு, சாப்பிடக் கூப்பிட்டா உள்ள போவம். படுக்க எங்கட வீட்டை வருவம்" என்றாள் ஜெசிந்தா. அது நல்லாய்த்தான் இருந்தது.

எனக்கு மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் பள்ளிக்கூட பஸ் ஓடுகிற வேலை. ஜூன் முடிவில் பள்ளிக்கூடம் பூட்டினால் ஓகஸ்ட் கடைசிவரை நான் சும்மா. மஞ்சள் நிறத்து நீட்டு பஸ்ஸைப் பனியிலும் உறைமழையிலும் ஓடுகிறவனுக்கு ஒரு மோட்டர்ஹோம் பெரிய விஷயமில்லை. என் பிரெஞ்சும் அந்த பஸ்ஸில் வந்ததுதான். மொன்ட்ரியால்-நோரில் குடியிருந்த ஆரம்ப காலத்தில் அரசாங்க வகுப்புக்குப் போனேன், இலக்கணம் தந்தார்கள். கதைக்கத் தந்தவர்கள் பின் இருக்கையில் இருந்து கத்துகிற பிள்ளைகள். அதனால் என் பிரெஞ்ச் எட்டு வயதுக் கியூபெக் பெடியனின் பிரெஞ்ச் என்று மகள் நத்தாலி சிரிப்பாள்.

நத்தாலி எங்களோடு வரமாட்டேன் என்றாள். கோடை வேலை, சிநேகிதப் பிள்ளைகள், அதற்குமேல் நாங்கள் கேட்கக்கூடாத காரணங்கள். ஆனால் இன்டர்நெட்டில் வண்டி தேடித் தந்தது அவள்தான். படங்களைக் காட்டி, "அப்பா, இதில நீங்களும் அம்மாவும் சண்டை பிடிச்சா எங்க போய் இருப்பீங்கள்?" என்று கேட்டாள்.

3

கனடாக்காரன் பிரான்சில் வண்டி வாங்கலாம், தடையில்லை. அதைப் பதிந்து இலக்கத்தகடு எடுக்கத்தான் அங்கே விலாசம் வேண்டும். இன்சூரன்ஸ்காரன் அந்தப் பதிவைக் கேட்பான். இன்சூரன்ஸ் இல்லாமல் மற்ற நாடுகளின் எல்லை தாண்டக் கொடுக்கும் பச்சைக் காட் என்ற அட்டை கிடைக்காது. கியூபெக்கில் இது இலகு, உடம்புக்கு அரசாங்கம் பொறுப்பு, தகரத்துக்கு மட்டும் தனியாரிடம் போகவேண்டும். அங்கே உடம்பும் தகரமும் ஒரே கடுதாசியில்.

அன்ரனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவன் ஒரு உணவகத்தில் சமையல். பின்னால் சட்டிகள் உருளும் சத்தத்தில் கதைத்தான்.

"இதுக்கு ஏன் அண்ணை யோசிக்கிறியள்? நான் என்னத்துக்கு இருக்கிறன்? என்ர பேரில எழுதுவம். ரெண்டாவது சாரதியா உங்கட பேரைப் போட்டா நீங்கள் எங்கையும் ஓடலாம். இன்சூரன்ஸ் காசு என்ர செலவு. அதையாவது தம்பி செய்ய விடுங்கோ."

ஜெசிந்தா வீட்டிலிருந்த மற்றப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்த பிறகு, "பாத்தியளே, சகோதரம் எண்டா இதுதான்" என்றாள். வண்டிக் காசை அனுப்பினேன். அவன் வாங்கி, தன் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, படமெடுத்து அனுப்பினான். படத்தில் சாரதி இருக்கையில் அவனே இருந்து சிரித்தான். எனக்கு அது பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும்.

4

நாங்கள் போய் இறங்கிய மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கந்தோருக்குப் போனோம், அன்ரனும் நானும். மேசைக்குப் பின்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பொறுமையானவள். நான் என் லைசென்ஸையும் மொன்ட்ரியாலில் வாங்கிவந்த கடிதத்தையும் மேசையில் வைத்து, நல்ல மனிதனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பிரெஞ்சில் தொடங்கினேன். பல வருடமாக ஷார் ஓட்டுகிறேன், ஒரு விபத்தும் இல்லை என்றேன்.

அவள் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். கியூபெக்கில் ஷார் என்றால் கார். எங்கள் பஸ்ஸில் ஏறும் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். பிரான்சில் அது யுத்த டாங்கி. சிரித்தது பரவாயில்லை, நானும் சிரித்தேன். அன்ரன் அவளைவிடக் கூடச் சிரித்துவிட்டு, "இவருக்குப் பிரெஞ்ச் தெரியாது, விடுங்கள்" என்று அவளிடம் சொன்னான்.

அதற்குப் பிறகு நான் அந்த அறையில் ஒரு கதிரைபோல. இருவரும் எனக்கு முன்னால் வேகமாகக் கதைத்தார்கள், எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. என் நாக்குத்தான் எட்டு வயது, காது வளர்ந்த ஆளுடையது.

"இவரையும் சாரதியாகப் போடவா? உங்கள் குடும்பமா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை" என்றான் அன்ரன். "குடும்பமில்லை. ஊர் ஆள், சும்மா கூட வந்தவர். இவர் ஓடமாட்டார். நான் மட்டும்தான்."

அப்படியென்றால் ஒருவர் மட்டும் ஓடும் ஒப்பந்தம் இருக்கிறது, மலிவு, ஆனால் வேறு யாராவது ஓடி ஏதும் நடந்தால் பொறுப்பு உங்களுடையது என்று அவள் விளக்கினாள். அன்ரன் தலையாட்டிக் கையெழுத்து வைத்தான். எங்கள் பெயர்களைப் பார்த்தும் அவளுக்குச் சந்தேகம் வர வழியில்லை. கனடாவில் இறங்கிய அன்று என் பெயரையும் அப்பாவின் பெயரையும் முன்பின்னாக எழுதிவிட்டார்கள், எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இதே கதை. கடுதாசியில் எனக்கும் அவனுக்கும் குடும்பப் பெயர் பொருந்தாது.

நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு நத்தாலியும் கேட்டாள். சின்ன வயதில் அன்ரன் பந்தடித்துப் பங்குச்சாமியாரின் யன்னல் கண்ணாடியை உடைத்தான். சாமியார் வீடு தேடி வந்தபோது அப்பா வாசலில் நின்று, "என்ர பிள்ளை அப்பிடிச் செய்யான் சுவாமி" என்று அடித்துச் சொன்னார். சாமியார் போன பிறகு உள்ளே கூட்டிக்கொண்டுபோய் இடுப்புப் பட்டியைக் கழற்றினார். எங்கள் வீட்டுச் சட்டம் அவ்வளவுதான். உள்ளே என்னவும் நடக்கலாம், வெளி ஆளுக்கு முன்னால் சகோதரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் இருந்துகொண்டு நான் அந்தப் பெண்ணுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், அடி வாங்கினவனே அதை மறந்துவிட்டான்.

வெளியே வந்தோம். சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு அன்ரன் சொன்னான்: "எல்லாம் சரி அண்ணை. உங்கட பேரும் போட்டாச்சு. இனி நீங்கள் நோர்வே வரைக்கும் ஓடலாம்."

5

சுவிஸுக்கு அடுத்த நாள் விடியப் புறப்படுவதாகத் திட்டம். நான் புறப்படவில்லை. பற்றரி பலவீனம் என்றேன். மறுநாள் காஸ் சிலிண்டரில் கசிவு என்றேன். பிறகு ரயரைக் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினேன். ஜெசிந்தா அலுமாரிகளில் அரிசியும் தூளும் அடுக்கி, ஓடும்போது உருளாமல் இடையில் துவாய் அடைத்துவைத்து, அக்காவுக்கு வாங்கிய சீலையைக் கட்டிலின் கீழ் வைத்துவிட்டு முன் இருக்கையில் வந்து காத்திருந்தாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

ரெலிபோன் காட் ஒன்று வாங்கி நத்தாலிக்கு எடுத்தேன். அந்த ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லி, நான் விளங்கியது சரியா என்று கேட்டேன்.

"ஓம் அப்பா. அவர் மட்டும்தான் ஓடலாம். நீங்கள் ஸ்ரியரிங்கைத் தொடவே கூடாது, பாந்தூத்" என்றாள். பாந்தூத் என்றால் கியூபெக் பிரெஞ்சில் கொஞ்சமும் இல்லை என்று அர்த்தம். "ஆர் அப்பிடி எடுத்தது?"

சொன்னேன்.

"உங்களுக்கு விளங்கினதுதானே? ஏன் அங்கயே சொல்லேல்லை?"

"வெள்ளைக்கார மனிசிக்கு முன்னால தம்பியைப் பொய்யனெண்டு காட்டச் சொல்லுறியே?"

"அவர் உங்களைக் காட்டினார்தானே" என்றாள். அவளுக்கு எங்கள் சட்டம் விளங்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு நன்றாக விளங்கியிருந்தது.

அன்று பின்னேரம் ஜெசிந்தாவுக்குச் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நீங்கள் மூத்தவர். கொஞ்சம் விட்டுக்குடுங்கோவன்" என்றாள்.

"விட்டுக்குடுத்தது நானில்லை. அவன்தான் விட்டுக்குடுத்தவன்."

எங்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பெருந்தன்மையாக இருப்பதற்கும் அது, சொந்தக்காரனைக் கைவிடுவதற்கும் அது. ஜெசிந்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப கூப்பிட்டுக் கேளுங்கோ. இப்பிடி வண்டியைச் சுத்திச் சுத்தி ரயருக்குக் குனிஞ்சுகொண்டு திரியாமல்."

6

கூப்பிட்டேன். அடுத்த நாள் வேலைக்குப் போகமுன் அன்ரன் வந்தான். மோட்டர்ஹோமுக்குள் சின்ன மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஜெசிந்தா தேத்தண்ணி வைத்துவிட்டு இறங்கி வெளியே போனாள்.

"நான் குடும்பமில்லையாம், ஊர் ஆளாம். ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன்.

அவன் முகத்தில் முதலில் வந்தது வெட்கமில்லை, ஆச்சரியம். "உங்களுக்கு விளங்கினதோ?"

"விளங்காதெண்டு நினைச்சுத்தான் சொன்னனியோ?"

அவன் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"என்ர கேஸில நீங்கள் இல்லை அண்ணை. அகதிக்குக் கேட்டு நிக்கேக்கை, வீட்டில ஆரேன் செத்திருந்தாத்தான் எடுபடும் எண்டு எழுதித் தந்தவர் சொன்னார். உங்களைச் சுட்டதெண்டு குடுத்தனான். அண்டையில இருந்து ஆர் கேட்டாலும் எனக்குச் சகோதரம் இல்லையெண்டுதான் சொல்லுவன். சிற்றிசன் கிடைச்சும் பயம் போகேல்லை. அந்த மனிசி 'குடும்பமோ' எண்டு கேட்ட உடன வாய் தன்ர பாட்டில இல்லையெண்டுட்டுது."

ஆக, பிரான்சின் கடுதாசிகளில் நான் செத்துப் பல வருடம். நான் லொங்குய்யில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலம் முழுக்கப் பாரிசில் ஏதோ ஒரு அலுமாரியில் பிரேதமாகக் கிடந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கோபம் வரவில்லை. கேஸுக்காக யாராவது சாகாத குடும்பம் எங்கள் சனத்தில் குறைவு. உயிரோடு இருக்க ஒருவனுக்கு என் சாவு தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டான். தம்பிதானே. கையை நீட்டி அவன் தோளைத் தொடவும் பார்த்தேன்.

பிறகு மற்றதைக் கேட்டேன். "சரி, அது போகட்டும். வெளியில வந்து என்ர பேரும் போட்டாச்செண்டு ஏன் சொன்னனீ?"

அவன் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"ரெண்டாவது ஆளைப் போட்டாக் கூடக் காசு அண்ணை. வெளிநாட்டு லைசென்ஸ் எண்டா இன்னும் கூட. நான் கட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன், பேந்து எப்பிடிக் கட்ட ஏலாதெண்டு சொல்லுறது? நீங்கள் பஸ் ஓடுறனீங்கள்தானே, அவதானமா ஓடுவியள் எண்டு…"

"அண்ணியும் பக்கத்தில இருப்பா எண்டு யோசிக்கேல்லையோ?"

"ஒண்டும் நடக்காதெண்டு நினைச்சன்."

சொல்லியிருந்தால் நானே கட்டியிருப்பேன். அது அவனுக்கும் தெரியும். அன்றைக்கு மேசைக்கு முன்னால் அவனை நடுங்க வைத்தது பழைய பயம், அதை நான் ஏற்றுக்கொள்வேன். கந்தோர்ப் படி இறங்கி, சிகரெட் பற்றவைத்து, என் கண்ணைப் பார்த்து நோர்வே வரைக்கும் ஓடலாம் என்று சொன்னபோது பயம் ஒன்றும் இருக்கவில்லை. அண்ணனுக்குச் செலவழிக்கிற தம்பி என்ற பெயரைக் காப்பாற்ற, இரண்டு உயிரை ஒரு அந்நிய நாட்டு ரோட்டில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஏற்றி அனுப்ப அவனால் முடிந்தது. முதல் தடவை என்னைக் கொன்றது தான் பிழைக்க. இரண்டாம் தடவைக்கு அந்தக் காரணம்கூட இல்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது, இன்றைக்கு இதை எழுதும்போதும் எரிகிறது.

"நாளைக்கு ரெண்டு பேரும் போவம். என்ர பேரைப் போடுவம். காசு நான் கட்டுறன்" என்றேன்.

அவன் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனான்.

7

அதே பெண்தான் இருந்தாள். போன தடவை இவர் ஓடமாட்டார் என்றீர்களே என்று அன்ரனைக் கேட்டாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதைத்தேன். என் பஸ் பிரெஞ்சில், அவசரப்படாமல், நான் யார், என்ன ஓட்டுகிறேன், எத்தனை நாட்டுக்குப் போகப்போகிறேன் என்று எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. உங்களுக்கு நன்றாகப் பிரெஞ்ச் வருகிறதே என்றாள். அன்ரன் கதிரையில் கொஞ்சம் அசைந்தான்.

அவள் கணினியில் தட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "வண்டிச் சொந்தக்காரர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். கேட்டது என்னை. ஆனால் அன்ரன் தலையை நிமிர்த்தினான். எல்லாருக்கும் விளங்கக்கூடிய பிரெஞ்சில் தொடங்கினான்: "இவர் என்னுடைய…"

அந்தச் சொல் அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வருவது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடப் பயத்தைத் தள்ளிக்கொண்டு அது வெளியில் வர இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் போதும்.

"இல்லை மதாம்" என்றேன் நான். "உறவு ஒன்றுமில்லை. ஒரே ஊர், அவ்வளவுதான்."

அவள் தட்டினாள். அச்சுப்பொறி பச்சை அட்டையைத் துப்பியது. அவள் காட்டின இடத்தில் அன்ரன் கையெழுத்து வைத்தான்.

அவனுடைய கேஸைக் காப்பாற்றத்தானே அப்படிச் சொன்னீர்கள் என்று ஜெசிந்தா சுவிஸ் போகும் வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஓம் என்றால் அது பொய். நான் ரோட்டைப் பார்த்து ஓடினேன். அக்காவின் வாசலில் வண்டியை நிறுத்தியபோது சகோதரிகள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை, அயல் வீட்டுக்காரர்கள் யன்னலைத் திறந்து பார்த்தார்கள். அந்தக் கோடை முழுக்க ஒரு கீறல் இல்லாமல் ஓடினேன். கடைசியில் வண்டியை அன்ரனிடம் விட்டோம், அவன் விற்றுக் காசைச் சரியாக அனுப்பினான்.

அன்று கந்தோருக்கு வெளியே வந்ததும் சாவியை என் கையில் வைத்தான். "கவனமா ஓடுங்கோ" என்றான். அதற்குப் பின்னால் ஒரு "அண்ணை" வரவேண்டும். பேச்சு வந்த நாளில் இருந்து அதைச் சேர்க்காமல் அவன் என்னோடு கதைத்து முடித்ததில்லை. நான் சாவியோடு நின்றேன். அவன் மெத்ரோப் படியில் இறங்கிவிட்டான்.

நத்தார்ப் பெருநாளுக்கு இப்போதும் ரெலிபோன் எடுக்கிறான். சுகம் கேட்கிறான், பனி கொட்டுகிறதா என்று கேட்கிறான், நீங்கள் எப்படி, வேலை எப்படி என்கிறான், என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறகு போனை ஜெசிந்தாவிடம் கொடுக்கச் சொல்கிறான். அவளை மட்டும் இன்னும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறான்.